ஒன்றேகால் இஞ்ச்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் கடையை மூடுவதற்கு முன் கடைசி நான்கு வருடம் என்னிடம் வேலை பார்த்தவள். இப்போது வேங்கிக்காலில் சொந்தமாக நாட்டிய உடை தைக்கிறாள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் புதிதாக வந்த வீடுகளில் பாதி வீட்டுப் பெண்பிள்ளைகள் பரதநாட்டியம் கற்கிறார்களாம், கைக்கு ஓய்வே இல்லையாம். நல்லா இரு என்றேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு பொண்ணு போட்டிக்குப் போவுது. வலது முட்டி கொஞ்சம் கம்மியா விரியுது. விசிறி ஒரு பக்கமா இழுத்துக்கினு நிக்குது. வெளிய தெரியாம எப்படிக்கா வெட்டறது? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மூன்று தடவை மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை. கிழவிக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பாள். பாவம், அவள்மேல் தப்பு இல்லை. எனக்கு அந்த வெட்டு தெரியும். இந்த ஜில்லாவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்ட காலமும் உண்டு. அதை ஏன் சொல்லித்தர மாட்டேன் என்பதை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அடி அண்ணாமலைக்காரி. கட்டிய புருஷன் இரண்டே வருடத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். என்னிடம் மிஞ்சியது தையல் கிளாஸில் கற்ற ஜாக்கெட்டும் பாவாடையும்தான். 1989-இல் திருவண்ணாமலை தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த தரணேந்திரன் மாஸ்டர் கடைக்கு வேலை கேட்டுப் போனேன். மெட்ராஸில் பல வருடம் நாட்டிய உடை தைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வேலூர், ஆரணி, விழுப்புரம் என்று சுற்றுப்பட்ட ஊர் நாட்டிய டீச்சர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள்.

நாட்டிய உடை பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கீழே போடுவது பைஜாமா மாதிரி தைத்தது. இரண்டு காலுக்கும் நடுவே சரிகைக் கரையோடு மடிப்பு மடிப்பாக ஒரு துணி தொங்கும். அதற்குத்தான் விசிறி என்று பெயர். ஆடுகிற பெண் இரண்டு முட்டியையும் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்காருவாள், அது அரைமண்டி. உட்கார்ந்ததும் விசிறி இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிய வேண்டும். ஒரு பக்கம் கம்மியாக விரிந்தால், நாட்டியத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் கண்ணில்கூட அது முதலில் படும்.

முதல் வருடம் முழுக்க மாஸ்டர் எனக்குத் துணியே கொடுக்கவில்லை. பழைய தினசரித் தாளில் மடிப்பு வைக்கச் சொன்னார். இந்தப் பக்கம் பதினைந்து, அந்தப் பக்கம் பதினைந்து. கைவிரல் எல்லாம் மை. அதன் பிறகு துணி, அதன் பிறகு கரிப்பெட்டி இஸ்திரி, அதன் பிறகு பட்டு. மூன்றாம் வருடத்தில் அவர் வெட்ட, நான் மடிப்பு வைக்க என்று வேலை பிரிந்தது.

மாஸ்டர் ஜைனர். ஆரணிப் பக்கத்துக் கிராமம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அதன் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்பது அவர் வீட்டு வழக்கம். அதனால் ஐந்தரை மணிக்குக் கத்திரியை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். தீபத்துக்கு முந்தின வாரம், ஊரில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நெரிக்கும்போது, நாலு டீச்சர்கள் கடையில் நின்று கெஞ்சினாலும் ஐந்தரை என்றால் ஐந்தரைதான். யாரையும் திட்டமாட்டார். நாம் தைத்தது தப்பாக இருந்தால் பிளேடை எடுத்து, நம் எதிரிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக அவரே பிரிப்பார். அரை மணி ஆனாலும் வாய் திறக்கமாட்டார். பிரித்து முடித்துத் துணியை நீவி நம் கையில் கொடுப்பார். அந்த அரை மணிக்கு நாலு அறை வாங்கியிருந்தால் தேவலாம் என்று இருக்கும்.

அளவு எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மெட்ராஸிலும் அதை யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. கொத்தனார்கள் சுவர் பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு ஒன்றை வைத்திருந்தார். திரைக்கு உள்ளே நான், அளவு கொடுக்கும் பெண். திரைக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டும் பென்சிலுமாக மாஸ்டர். பெண்ணை அரைமண்டியில் நிறுத்தி, தொப்புளுக்கு நேராகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். அந்த நூலிலிருந்து இடது முட்டி எவ்வளவு, வலது முட்டி எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. வந்ததும் ஒன்று. இருபது தடவை உட்கார்ந்து எழச் சொல்லி ஒன்று. தரையில் காலைத் தட்டித் தட்டி ஆடும் தட்டடவு ஒன்றை முழுக்க ஆடவைத்து, கால் அசந்த பிறகு ஒன்று. முதல் இரண்டை நான் மனதில் வைத்துக்கொள்வேன். மூன்றாவதைத்தான் உரக்கச் சொல்வேன். அவர் "ம்" என்று எழுதுவார்.

"அசந்த காலுதான்மா நெஜத்தச் சொல்லும்" என்பார். அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

இரண்டு பக்கமும் அரை இஞ்ச் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. மனுஷர் யாருக்கும் இரண்டு காலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதற்குமேல் போனால் கத்திரி எடுக்கமாட்டார். அளவுச் சீட்டில் வித்தியாசத்தைக் கோடு போட்டு டீச்சருக்கு அனுப்பிவிடுவார். வித்தியாசம் இல்லாவிட்டாலும் சீட்டு டீச்சரிடம் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் துணியைத் தொடுவார். நாம் தையல்காரர்கள், கால் எப்படி இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் டீச்சர்தான் என்பது அவர் கணக்கு. இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. அவர் கண்டுகொண்டதில்லை.

ஜெயந்தி முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது எட்டு வயது. கீழ்பென்னாத்தூர். அப்பா ஏழுமலை, அங்கிருந்து திருவண்ணாமலை வரும் தனியார் பஸ்ஸில் டிரைவர். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் மகளை உட்காரவைத்து அழைத்துவந்து டீச்சர் வீட்டு முனையில் இறக்கிவிடுவார், இரண்டு நடை போய்விட்டு வந்து ஏற்றிக்கொள்வார். பெண் பிள்ளையை ஆட விடுகிறான் என்று பங்காளிகள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மனுஷன் காதில் வாங்கவில்லை. "பஸ்ஸ தெனம் பாத்து பாத்து அலுத்துப் போச்சு மாஸ்டர். எம்பொண்ணு மேடையில நிக்கறத ஒரு தபா பாத்துட்டா போதும்" என்பார்.

வளரும் பிள்ளை என்பதால் உள்ளே நிறையத் துணி விட்டுத் தைப்போம். வருடத்துக்கு ஒரு முறை வருவாள், பிரித்து இறக்கிக் கொடுப்பேன். அப்படிப் பத்து வருடம். அவள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எந்த வருடம் எவ்வளவு வளர்ந்தாள் என்று அவளைப் பெற்றவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாத எனக்கு அதில் ஒரு இது இருந்தது. மறைப்பானேன்.

பதினெட்டு வயதில், மெட்ராஸில் ஒரு நாட்டியக் குழுவில் ஆள் எடுக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். எடுத்துக்கொண்டால் அங்கேயே தங்கி ஆடலாம், மாதச் சம்பளம், வடக்கே எல்லாம் கூட்டிப் போவார்கள். ஆட்டத்தையே பிழைப்பாக வைத்துக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் வழி. இல்லாவிட்டால் தை மாதம் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டுவதாக வீட்டில் பேச்சு. தேர்வுக்கு முழு உடையில் வரவேண்டும். இரண்டு வாரம்தான் இருந்தது. அரக்கு நிறப் பட்டு, பச்சைக் கரை, ஏழுமலையே எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். மாஸ்டர் வெளியே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். முதல் தடவை, இடது பதினாறு, வலது பதினைந்தரை. சரிதான் என்று விட்டேன். இருபது தடவை உட்கார்ந்து எழுந்தபின், வலது பதினைந்து. அவள் முகத்தைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை. தட்டடவு ஆடச் சொன்னேன். ஆடி முடித்து அரைமண்டியில் நின்றாள். டேப்பை வைத்தேன். பதினாலே முக்கால். தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை வைத்தேன். பதினாலே முக்கால்தான்.

வித்தியாசம் ஒன்றேகால் இஞ்ச். அத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளைக்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. வலது முட்டியைத் தொட்டேன். சுடுசுடு என்று இருந்தது.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன், குரலை அடக்கி.

"ஆறு மாசமாக்கா. மண்டி அடவு போட்டு எழும்போது 'டிக்'குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. அப்பலருந்து."

"டீச்சருக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினாள். போன வருடம் இப்படித்தான் இன்னொரு பெண் கால் வலிக்கிறது என்று சொன்னாளாம். ஆறு மாதம் ஆடாதே என்று டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"அக்கா, சொல்லிடாதீங்க. இந்த ஒரு தபாக்கா. அங்க சேந்துட்டா நானே டாக்டராண்ட காட்டிக்கறேன்." என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சத்தம் வராமல் அழுதாள்.

வெளியிலிருந்து மாஸ்டர் குரல் வந்தது. "என்னம்மா பேச்சு?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். ஊக்கு குத்திடுச்சு."

"சொல்லு."

"இடது பதினாறு" என்றேன்.

"ம்."

அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். ஜெயந்தி என் கையை விடவில்லை. பெற்ற பிள்ளை கேட்டால்கூட அப்படிச் செய்திருப்பேனா, தெரியாது.

"வலது பதினாறு."

"ம்."

அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். சீட்டை அவளிடம் கொடுத்து, டீச்சர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். மறுநாள் கையெழுத்தோடு வந்தது. டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு மூச்சு வந்தது.

மாஸ்டர் சீட்டைப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாக வெட்டிக் கொடுத்தார். மீதி என் கையில். வலப்பக்கம் ஒரு மடிப்பைக் குறைத்து, மற்ற பதினாலு மடிப்பையும் ஒரு நூல் அகலம் கூட வைத்தேன். அப்போதுதான் முட்டி குறைவாக விரிந்தாலும் விசிறி முழுக்கத் திறக்கும். இடுப்புப் பட்டியை வலப்பக்கம் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தேன், கரை சாயாமல் நிற்கும். அந்த வெட்டு எனக்கு யாரும் சொல்லித்தந்ததல்ல. நானே யோசித்தது. இரண்டு நாள் மாஸ்டர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உட்கார்ந்து செய்தேன்.

இரக்கப்பட்டுச் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை. மீதிப் பாதி திமிர். உடையைப் போட்டு அவள் கண்ணாடி முன் அரைமண்டியில் நின்றபோது, விசிறி இம்மி பிசகாமல் விரிந்தது. அவள் முட்டியில் இருந்த கோணலை என் ஊசி விழுங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்து, "நல்லாருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது மொத்தம் இரண்டு தடவை. அது இரண்டாவது.

அவளை எடுத்துக்கொண்டார்கள். ஏழுமலை பஸ்ஸைத் தேரடியில் நிறுத்திவிட்டு, பயணிகள் கத்தக் கத்த ஓடிவந்து கடையில் லட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மெட்ராஸிலிருந்து எனக்கு மூன்று கடிதம் எழுதினாள். முதலாவதில் ரயில், கடல், தங்கியிருக்கும் அறையில் தன்னோடு இருக்கும் மலையாளப் பெண். இரண்டாவதில் காலையில் நாலு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் ஆடுகிறோம், டாக்டரிடம் போக நேரமே இல்லை, இங்கே எல்லோருக்கும் எங்காவது வலி இருக்கத்தான் செய்கிறது என்று எழுதியிருந்தாள். மூன்றாவதில் ஒரு உதவி கேட்டாள். பைஜாமாவின் வலது காலுக்கு உள்ளே முட்டியை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி எலாஸ்டிக் பட்டி வைத்து ஒன்று தைத்து அனுப்ப முடியுமா, மாஸ்டருக்குத் தெரியவேண்டாம்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். எழுந்து போய் மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம், ஏழுமலை பஸ் ஏறி அவரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் எலாஸ்டிக் வாங்கி வந்தேன். பட்டையாக, நல்ல கெட்டியாகப் பார்த்து வாங்கினேன். தைத்து, பார்சல் கட்டி அனுப்பினேன். ஒரு தடவை பொய் சொன்னவளுக்கு அடுத்தடுத்து அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடுகிறது.

ஒன்றரை வருடம் ஆடினாள். வடக்கே ஏதோ ஒரு ஊர் மேடையில், மண்டி போட்டு எழும்போது எழ முடியவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். பாட்டுக்காரர் இரண்டு வரி பாடிய பிறகுதான் நிறுத்தினாராம், அது நாட்டியத்தில் ஒரு பாவனை என்று நினைத்து. திரும்பக் கூட்டிவந்து மெட்ராஸில் ஆபரேஷன் செய்தார்கள். முட்டிக்குள் சவ்வு கிழிந்து, எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்திருந்ததாம்.

இதெல்லாம் ஏழுமலை வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆடி மாதம், மத்தியானம் மூன்று மணி. பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் என்பதால் தெரு முழுக்கக் குப்பை, ஆள் நடமாட்டம் இல்லை. கையில் ஒரு துணிப்பை. உள்ளே அந்த அரக்குப் பட்டு உடை.

"மாஸ்டர், இத பிரிச்சு எந்தப் பொண்ணுக்காவது போட்டுக் குடுங்க. வூட்ல வெச்சிருந்தா அவ இதையே பாத்துக்கினு உக்காந்திருக்கா." நின்றபடியே பேசினார். "நடப்பாளாம். ஆட முடியாதாம். 'ஒரு வருஷம் முன்னாடி காட்டியிருந்தா, ஆறு மாசம் சும்மா இருந்திருந்தா தானா ஆறியிருக்கும், கூட இருந்த ஒருத்தர் கண்ணுலகூட படலியா'ன்னு டாக்டரு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது? எனக்கு ஸ்டீரிங் புடிக்க மட்டுந்தான் தெரியும். நான் இன்னாத்த கண்டேன்?"

மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவைத்து உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. பஸ் எடுக்கவேண்டும் என்று போய்விட்டார்.

மாஸ்டர் உடையைப் பலகைமேல் விரித்தார். பிரிப்பதற்கு முன் மடிப்பை எண்ணுவது அவர் பழக்கம். கட்டைவிரலால் இடப்பக்கம் எண்ணினார். பிறகு வலப்பக்கம். நின்றார். மறுபடி வலப்பக்கம் எண்ணினார். இடுப்புப் பட்டியை உள்பக்கம் திருப்பி, நான் ஏற்றிப் பிடித்த தையலை விரலால் தடவினார். எனக்கு இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கக்கூடக் கை வரவில்லை.

"கஸ்தூரி, இங்க வா. எண்ணு."

எண்ணினேன். "இடது பதினஞ்சு. வலது பதினாலு, மாஸ்டர்."

"அன்னிக்கு வலது எவ்ளோ?"

"பதினாலே முக்கால், மாஸ்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். என் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தேன். சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிளேடை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு மடிப்பாக, ஒவ்வொரு தையலாக. நான் எதிரில் நின்றேன். ஐந்தரை ஆனது. அவர் எழவில்லை. வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது, கையசைத்து அனுப்பிவிட்டார். கடைசி நூலை எடுத்தபோது வெளியே பொழுது சாய்ந்திருந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. பிரித்த பட்டுத் துணியை நீவி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

வேலையை விட்டு அனுப்புவார் என்று மறுநாள் பயந்துகொண்டே போனேன். அனுப்பவில்லை. மடிப்பு வேலை எப்போதும்போல என் மேஜைக்கு வந்தது. ஆனால் அதன் பிறகு அவர் என்னை அளவெடுக்க விடவில்லை. வருகிற பிள்ளைகளின் அம்மாக்களைத் திரைக்குள் அனுப்பி, தூக்குக்குண்டை எப்படிப் பிடிக்க வேண்டும், டேப்பை எங்கே வைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். அவர்கள் தப்பும் தவறுமாகச் செய்வார்கள். நாலு அடி தள்ளி நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஏன் அந்த அம்மாவே எடுக்கலாமே என்று சிலர் என்னைக் காட்டிக் கேட்பார்கள். மாஸ்டர் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவார். மூன்று வருடம், அவர் படுக்கையில் விழும்வரை, அப்படியே நடந்தது. அவர் போன பிறகு அவர் மகன் கடையை என் பொறுப்பில் விட்டார். மேஜை இழுப்பறையில் டேப் இருந்தது. அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்த வருடங்களில் ஒரே ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது. டீச்சரும்தானே பார்க்கவில்லை என்பதுதான் அது. தினமும் ஆடவைத்துப் பார்த்த கண்ணுக்கே தெரியாதபோது, சீட்டில் கையெழுத்துப் போட்டு அவரே அனுப்பியபோது, என்னை மட்டும் சொல்லி என்ன? மனசு குத்தும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் தூங்குவேன்.

கடை என் கைக்கு வந்த மறு வருடம் ஜெயந்தி வந்தாள். சந்து முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்துவந்தாள். வலது காலை வைக்கும்போது ஒரு சிறு தயக்கம், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இருபத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. அத்தை மகன் எப்போதோ வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். கீழ்பென்னாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள்.

"உக்காந்தே செய்யற வேலைதான்க்கா. நாலு ஜாக்கெட் வேணும்."

துணியை வாங்கிக் கீழே வைத்தேன். அதற்குமேல் தாங்கவில்லை. அந்தத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் பொய் சொன்னது, மடிப்பைக் குறைத்தது, எலாஸ்டிக் தைத்தது, மாஸ்டர் டேப்பை வாங்கிக்கொண்டது. "நான் அன்னிக்கு சொல்லியிருந்தா நீ இப்ப ஆடிக்கினு இருப்பே. என்ன மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல" என்று அழுதேன். அழுதுகொண்டே, வெட்கத்தை விட்டு, அதையும் சொன்னேன்: "டீச்சராவது ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதா?"

ஜெயந்தி என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னாள். அவள் மனசில் ஒரு விஷமும் இல்லை.

"டீச்சர் கேட்டாங்கக்கா. சீட்டுல கையெழுத்து வாங்கப் போனேனே, அன்னிக்குதான். 'கொஞ்ச நாளாப் பாக்கறேன், வலது பக்கம் நீ முழுசா எடுக்கறதில்ல. முட்டியக் காட்டு. இந்த வருஷம் போவவேணாம், டாக்டராண்ட போலாம், அடுத்த வருஷம் நானே கூட்டிக்கினு போறேன்'னாங்க. நான் சீட்ட நீட்டினேன். 'பாருங்க டீச்சர், ரெண்டும் பதினாறு. மாஸ்டர் கடையில எடுத்தது'ன்னேன். ரொம்ப நேரம் அதையே பாத்தாங்க. 'அப்ப என் கண்ணுலதான் கோளாறு'ன்னு கையெழுத்து போட்டாங்க."

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"உங்க சீட்டு மட்டும் இல்லன்னா டீச்சர் வுட்டிருக்கவே மாட்டாங்கக்கா. ஒன்றர வருஷம் நான் ஆடனதே உங்களாலதான். அழாதீங்க."

அவளுக்கு ஐந்து மணி பஸ். அப்பா வண்டிதான், விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஆகும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். டேப்பை எடுத்தேன். அவள் திரைக்குள் வந்து எனக்கு நேராக நின்றாள். பத்து வருடப் பழக்கம், கை காலுக்குப் புத்தி ஏது. அவள் முன்னால் தரையில் மண்டியிட்டு, டேப்பின் நுனியை அவள் இடுப்பில் வைத்து, மறு நுனியைக் கணுக்காலுக்கு இழுத்துவிட்டேன்.

அவள் குனிந்து என் கையைப் பிடித்தாள்.

"எழுந்திருங்கக்கா. இனிமே எனக்கு இடுப்புக்கு மேலதான் அளவு."